தேவதையின் கால் இருந்த வீடு

காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் கிடந்த ஒரு காலையில்தான் எங்கள் வீட்டின் சரித்திரத்தை முதன்முதலாகக் கேட்டேன். பாண் வாங்கலாம் என்று படியிறங்கி வந்தால் கீழே முற்றத்தில் ஒரு கூட்டம். நடுவில் ஒருவர் மடக்கிய குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இத்தாலியின் பழைய பலெர்மோ நகரைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டி. இந்த மாளிகையைக் கட்டியது ஒரு பிரபு குடும்பம், இந்த முற்றத்தில் இரண்டு குதிரை வண்டிகள் ஒரே நேரத்தில் திரும்பும், போர்க்காலத்தில் குண்டு விழுந்து ஒரு பக்கம் இடிந்தது, அதன்பின் குடும்பம் வேறிடம் போய்விட்டது என்று நல்ல குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "பிறகு கைவிடப்பட்டது" என்று முடித்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, என்னைக் கடந்து பல்லாரோச் சந்தைப் பக்கம் போனார்கள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. காய்ச்சலும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். கைவிடப்பட்ட வீட்டில் படியைத் தினமும் யார் கூட்டுகிறார்களாம்? அவர் நின்ற இடத்துக்கு மேலே மூன்று மாடியிலும் குடும்பங்கள் இருந்தோம். கறி தாளிக்கிற மணம் படியெங்கும் ஊறிப் போயிருந்தது. அந்த மனிதருக்கு மூக்கில் ஏதோ குறை இருக்க வேண்டும். அவருடைய சரித்திரம் எங்களுக்குச் சற்று முன்னால் வந்து நின்றுவிட்டது. அவர் விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். எனக்குக் குடை இல்லை, அவ்வளவுதான்.

பிரபுக்கள் போனபின் எங்கள் பேட்டையான அல்பெர்கேரியாவின் ஏழைக் குடும்பங்கள் உள்ளே வந்தன. மேல்மாடியில் விருந்து மண்டபம் ஒன்று இருந்தது. அதை அவர்கள் செங்கல் வைத்து அகலத்தில் பிரித்தார்கள். கூரை மிக உயரம் என்பதால் நடுவில் பலகை அடித்து உயரத்திலும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு மண்டபம் பல வீடுகளானது. மழை ஒழுகத் தொடங்கியதும் அவர்களில் வசதிப்பட்டவர்கள் நகரத்தின் ஓரத்தில் எழும்பிய புதிய சீமெந்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அந்த வெறுமையில் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். பிறகு நாங்கள் வந்தோம். ஒவ்வொருவரும் முன்பிருந்தவர்கள் அடித்த ஆணியிலேயே தங்கள் படத்தை மாட்டிக்கொண்டோம்.

அந்த மண்டபத்தின் கூரையில் ஓர் ஓவியம் உண்டு. மேகங்களின்மேல் சாய்ந்திருக்கிற ஒரு பெரிய பெண். தேவதையா, பருவகாலங்களில் ஒன்றா, எனக்குத் தெரியாது. செங்கல் வைத்துப் பிரித்தவர்கள் ஓவியத்தைப் பார்த்துப் பிரிக்கவில்லை. சுவர் அவளுடைய இடுப்புக்கு நேராக வந்துவிட்டது. முகமும் கையிலிருந்த பூவளையமும் ஒரு வீட்டுக்குப் போயின. இரண்டு கால்களும் கொஞ்சம் மேகமும் அடுத்த வீட்டுக்குப் போயின. முகம் கிடைத்த வீட்டில் மன்னாரிலிருந்து வந்த ஒரு கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம் இருந்தது. கால் கிடைத்த வீட்டில் அக்கா இருந்தார்.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. அந்த மாளிகையில் இருந்த எல்லோருக்கும் அவர் அக்காதான். யாழ்ப்பாணத்திலிருந்து கணவரோடு வந்து, அந்தக் கட்டடத்தில் முதன்முதல் குடியேறிய தமிழர் அவர்கள் இருவரும். பணக்காரர்கள் இருக்கிற லிபெர்த்தா வீதியில் வீடு துடைக்கிற வேலை. புதிதாக யார் வந்து நின்றாலும் எந்த அறை காலி, யாரிடம் சாவி, எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று அக்காவிடம்தான் கேட்பார்கள். எனக்கு மூன்றாம் மாடியில் அறை பிடித்துத் தந்தவர் அவர். மன்னார்க்காரருக்கும் அவர்தான். அக்கா வீட்டுக்கு நேர் கீழே, குழந்தைகளோடு வந்து நின்ற கானா நாட்டுப் பெண்ணுக்கும் அவர்தான்.

அவருடைய கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். உணவகம் ஒன்றில் சட்டி கழுவுகிற வேலை அவருக்கு. வந்த முதல் நாள், தலைக்கு மேலே கால்கள் மட்டும் இருப்பதைப் பார்த்து அக்கா முகத்தைச் சுளித்தாராம். அத்தான் சிரித்துக்கொண்டு, "கால் கிடைச்சதே போதுமப்பா. கும்பிடுறதுக்குக் கால்தானே வேணும்" என்றாராம். பலகைத் தளம் அடித்ததால் கூரை அங்கே தாழ்வு. முக்காலி வைத்து ஏறினால் அந்தப் பாதத்தைத் தொடலாம். அதற்கு நேர் கீழே சுவரில் ஒரு தட்டு அடித்து அக்கா சாமி வைத்தார். முகம் கிடைத்த வீட்டில் இருந்த மன்னார்த் தம்பி பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லிச் சீண்டுவான். "முகம் எங்கடை மாதா, கால் உங்கடை அம்மன். பங்கு சரிதானே அக்கா?" என்பான். "முகத்துக்கு நீ தூசு தட்டு, காலை நான் பாக்கிறன்" என்பார் அக்கா.

அந்த முதல் நாளில் இன்னொன்றும் நடந்தது. குடிபுகுந்தால் பால் காய்ச்ச வேண்டும் அல்லவா? அறையின் கிழக்கு மூலையில் சின்ன காஸ் அடுப்பை வைத்து, புதுச் சட்டியில் பாலை ஊற்றி, இரண்டு பேரும் கைகூப்பிக்கொண்டு நின்றார்கள். பால் எழும்பி விளிம்புக்கு வருகிறது. அப்போது அடுத்த அறையிலிருந்த சிசிலிக்காரக் கிழவி கதவு இடுக்கால் பார்த்துவிட்டார். பால் பொங்கப் போகிறது, இந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்! "பால், பால்!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அடுப்பை அணைத்துவிட்டார். அணைத்தது மட்டுமல்ல, அடுப்பு வைத்துப் பழகாதவர்கள் என்று நினைத்து ஒரு நல்ல திட்டும் திட்டி, கோப்பி காய்ச்சுகிற பாத்திரம் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். அக்காவின் பால் பொங்கவில்லை.

இரண்டாந்தரம் காய்ச்சக்கூடாது என்று அக்காவுக்கு ஒரு எண்ணம். அந்தக் குறை அவர் மனதில் முள்ளாகவே கிடந்தது. அதனால் பிறகு வந்த ஒவ்வொருவரும் பால் காய்ச்சுகிறபோது அக்கா கதவடியில் காவல் நிற்பார். என் அறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது, என்னைவிட அவர்தான் கண் கலங்கினார். அந்தக் கட்டடத்தில் எல்லோருடைய பாலும் பொங்கியது, முதலில் வந்தவருடையதைத் தவிர.

அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்தவர் எழும்பவில்லை. பிள்ளைகள் இல்லை அவர்களுக்கு. பிரபுக்களின் படிக்கட்டு நல்ல அகலம், நாங்களே தோள் கொடுத்து இறக்கினோம். அக்கா மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சொன்னார்: "இந்தப் படியாலைதான் என்னையும் இறக்கவேணும். அதுக்கு முன்னம் நான் இறங்கமாட்டன்." அழுகிற நேரத்தில் சொல்கிற வார்த்தை என்று நாங்கள் நினைத்தோம். அக்கா அப்படி நினைக்கவில்லை. சாமித் தட்டுக்குப் பக்கத்தில் அத்தானின் படத்தை மாட்டினார். காலையும் மாலையும் விளக்கு, அதன் புகை நேரே மேலே அந்தப் பாதத்தில் போய்ப் படியும். வேலையிலிருந்து வந்தால் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அந்தத் தட்டடிக்குப் போய், அன்றைய கதையெல்லாம் அவருக்குச் சொல்லுவார். அவருக்கு உலகத்தில் வேறு இடம் வேண்டியிருக்கவில்லை.

விரிசல் வந்ததும் அந்தச் சுவரில்தான். அது குடியிருந்தவர்கள் வைத்த செங்கல் சுவர் அல்ல, கட்டடத்தையே தாங்குகிற பழைய கற்சுவர். மழைக்காலத்தில் ஒரு மயிரளவாகத் தொடங்கியது. அத்தானின் படத்தில் போட்ட மாலையில் வெள்ளைத் தூள் விழ, அக்கா அதைத் தினமும் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். பிறகு ஒருநாள் வெளிப்பக்கமாக ஒரு கல்லுத் துண்டு முற்றத்தில் விழுந்தது. யாருக்கும் படவில்லை. ஆனால் அதன்பின் ஒரு ஜெயோமெத்ரா வந்தார். கட்டடங்களை அளந்து பார்க்கிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

இளம் மனிதர், நிதானமானவர். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சாந்தால் ஒட்டினார். எனக்கு இத்தாலியன் நன்றாக வரும் என்பதால் நான் பக்கத்தில் நின்று அக்காவுக்குச் சொன்னேன். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி வெடித்துவிடும். வெடித்தால் கட்டடத்திலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும், வேறு வழி கிடையாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதைத் துடைக்கலாமோ எண்டு கேள்" என்றார். துடைக்கவே கூடாது, தொடவும் கூடாது என்றார் அவர். வாழ்நாளெல்லாம் கண்ணாடி துடைத்த பெண்ணுக்கு அது பெரிய தண்டனை. தூசு படிந்த அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்துக் கை துருதுருவென்று வருகிறது என்று என்னிடம் முறையிடுவார்.

அத்தானின் திவசம் வந்தது. அன்றைக்கு மட்டும் அக்கா பெரிய குத்துவிளக்கை எடுத்து, எல்லாத் திரியையும் ஏற்றுவார். படத்துக்கு முன்னால் வைத்தார். படத்துக்கு மேலே விரிசல், விரிசலில் கண்ணாடி. சமைத்துப் படைத்துக் காக்கைக்கு வைக்க இடமில்லாமல் முற்றத்துப் புறாக்களுக்கு வைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது, டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி குறுக்கே வெடித்திருந்தது. அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் முக்காலியில் ஏறிப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்ப்பக்கம் முழுக்கக் கரி. விளக்கின் சூடு நேராகப் போய் அதில் அடித்திருக்கிறது. சுவரைப் பார்க்க வைத்த கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோய் குத்துவிளக்கை வைக்கிற ஆட்கள் இந்த ஊரில் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

ஜெயோமெத்ரா வந்தபோது நான் அந்தக் கரியைக் காட்டினேன். விரலால் தேய்த்துப் பார்த்தார், மணந்து பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். விளக்கை வேறு பக்கம் வைக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கண்ணாடியை ஒட்டினார். அக்கா விளக்கை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அத்தானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கேற்ற வேண்டியிருக்கிறதே என்று அவருக்குக் கவலை. ஆனாலும் அந்தக் கிழமைகளில் கட்டடமே கொஞ்சம் கலகலப்பாக இருந்தது. தப்பிவிட்டோம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. மன்னார்த் தம்பி தன் பக்கத்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தக்கூடப் பயந்து, சின்ன மின்குமிழ் ஒன்றை வாங்கி மாட்டினான்.

பிறகு ஒரு காலை, நான் வேலைக்கு இறங்குகிறபோது அக்கா கதவைத் திறந்துகொண்டு நின்றார். உள்ளே வா என்று தலையை அசைத்தார். கண்ணாடி வெடித்திருந்தது. கரி இல்லை, சூடு இல்லை. தூசு படிந்த கண்ணாடி இரண்டாகப் பிரிந்து, நடுவில் இருட்டாக ஒரு கோடு.

ஜெயோமெத்ரா வருகிற நாளுக்கு முன்பே கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அக்காவின் அறையில் எல்லோரும் கூடினார்கள். மன்னார்த் தம்பிதான் முதலில் சொன்னான். "இதிலை என்ன யோசிக்கக் கிடக்கு? விளக்கெண்டே சொல்லுவம். போன முறை நம்பினவர்தானே. கொஞ்சம் கரியைப் பூசிவிட்டால் சரி." யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, உள்ளதைச் சொன்னால் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. எனக்கும் அங்கே வீடு. இந்த நகரத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு தேடுவது எப்படி என்று தெரிந்தவர்கள் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அக்கா மட்டும் அத்தானின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கை எடுத்துப் பழைய இடத்தில் வைத்ததும் மன்னார்த் தம்பிதான்.

அவர் வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் வாசல்வரை நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம்.

"மறுபடியும் விளக்கா, சின்யோரா?" என்று கேட்டார். "விளக்குத்தான் என்றால் நான் இன்னொன்று ஒட்டிவிட்டுப் போகிறேன். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்தார். எப்போதும் என்னைக்கொண்டுதான் இத்தாலியனில் பேசுவார், அன்றைக்கு அவரே பேசினார். "நோ, ஜெயோமெத்ரா. இல் மூரோ." இல்லை, சுவர்தான்.

அவர் தலையைக் குனிந்து, "நன்றி, சின்யோரா" என்றார். மன்னார்த் தம்பி நெற்றியில் அடித்துக்கொண்டு வெளியே போனான். கீழே கானாக்காரியின் குழந்தைகள் எதற்கோ சிரிக்கிற சத்தம் பலகைத் தளத்தின் ஊடாகக் கேட்டது.

அவர் போனபின் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனக்கா? படியாலை உங்களை நாங்கள் இறக்கவேணும் எண்டு சொன்னனீங்கள். இப்ப உங்கடை வாயாலையே வீட்டைக் குடுத்திட்டீங்களே" என்று கத்தினேன்.

"முதல் தரம் விளக்கெண்டது உண்மை" என்றார். "இந்த முறையும் விளக்கெண்டால், உன்ரை அத்தானுக்கு ஏத்துற விளக்கைப் பொய்ச்சாட்சிக்குக் கொண்டுவந்த மாதிரியெல்லோ. அது மட்டுமில்லைப் பிள்ளை. கீழை அந்தக் குஞ்சுகள் படுக்கிறது இதே சுவரோடைதான். அவையளை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தது ஆர்? நான். உங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது ஆர்? நான்தானே."

பிறகு அழுதார். அத்தான் போனபோதுகூட அவர் அப்படி அழுததை நான் காணவில்லை.

நாங்கள் நகரமெங்கும் சிதறிப் போனோம். எனக்கு லிபெர்த்தாவில் நான் வேலை செய்த சின்யோராவின் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கிடைத்தது. மன்னார்க்காரர் வடக்கே மிலான் பக்கம் போய்விட்டார்கள். அக்காவுக்கு நகரத்துக்கு வெளியே சியாகுல்லிப் பக்கம், மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சீமெந்துக் கட்டடத்தில் இடம் கிடைத்தது. வேலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். பால் காய்ச்ச நான் போயிருந்தேன். இந்தமுறை தடுக்க ஒருவரும் இல்லை, பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. அக்கா அடுப்பை அணைத்துவிட்டுத் துணியால் துடைத்துக்கொண்டே, "இப்ப பொங்கி ஆருக்கு?" என்றார். சுவர்கள் புதிது, ஒரு கீறல் இல்லை. அத்தானின் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று அவர் நீண்ட நேரம் தீர்மானிக்க முடியாமல் நின்றார்.

சில வருடங்களில் மாளிகையைத் திருத்தி முடித்தார்கள். மக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். படியில் ஏறுகிறபோது அக்கா கைப்பிடியை விடவே இல்லை. மேலே எங்கள் வீடுகள் ஒன்றும் இல்லை. செங்கல் சுவர்களையும் பலகைத் தளத்தையும் எடுத்துவிட்டு மண்டபத்தை மண்டபமாக்கியிருந்தார்கள். எட்டாத உயரத்தில் அந்தப் பெண் முழுதாகச் சாய்ந்திருந்தாள். அவளை முகமும் காலுமாகச் சேர்த்து நாங்கள் இருவரும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

அந்தக் குடைக்கார வழிகாட்டி அங்கே நின்றார். தலைமயிர் கொஞ்சம் நரைத்திருந்தது, குரல் அதே குரல். இந்த மண்டபம் பல பத்தாண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது என்று சொன்னார். பிறகு குடையின் நுனியால் அந்தப் பெண்ணின் பாதத்தைக் காட்டினார். ஓவியத்தை முழுக்கச் சுத்தம் செய்தவர்கள், முன்பு எப்படி இருந்தது என்று காட்டுவதற்காகப் பாதத்தடியில் ஒரு சின்னச் சதுரத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்களாம். கறுப்பாக இருந்தது. "பிரபுக்களின் விருந்துகளில் எரிந்த மெழுகுதிரிகளின் புகை" என்றார். கூட்டம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்தது.

அந்த இத்தாலியன் அக்காவுக்கு என் உதவி இல்லாமலே விளங்கியது. அவர் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குடைக்காரரை நோக்கி நடந்தேன், அன்றைக்கு அவரை விடுவதாக இல்லை. அக்கா பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார்.

"விடு பிள்ளை. அந்தாள் வாறது காலமையிலை. நாங்கள் எல்லாரும் அப்ப வேலைக்குப் போயிருப்பம். அவருக்கு எப்பிடித் தெரியும்?"

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில், அண்ணாந்து கும்பிட்டார்.